ஊதாத கொம்பின் வாக்குமூலம்

விழா மலருக்குக் கட்டுரையொன்று தருமாறு மலர்க் குழுவினர் கேட்டபோது முதலில் மறுத்துவிட்டேன். கல்லூரி அன்னையின் வரலாற்றை எழுதத் தகுந்தவர்கள் இருக்கின்றார்கள். அதிபர்களின் பெருமையையும், ஆசிரியர்களின் புலமையையும், துடுப்பாட்ட வீரர்களின் வெற்றிகளையும் எழுதுவதற்குப் பலர் உளர். நானோ படிப்பில் நடுத்தரம், விளையாட்டிற் கடைத்தரம், பேச்சு மேடையிலே ஏறியதேயில்லை. "நீங்கள் பாண்ட் வாத்தியக் குழுவில் இருந்தவரல்லவா? அதைப்பற்றி எழுதுங்கள்" என்றார் குழுவின் செயலாளர். என் மகனிலும் இளையவர். பழைய படமொன்றையும் கையிலே கொண்டு வந்திருந்தார். 1964ஆம் ஆண்டில் எடுத்த படம் அது. வெள்ளைக் காற்சட்டை, வெள்ளைச் சட்டை, தோளிலிருந்து இடுப்புக்குக் குறுக்காக ஓடும் பட்டி, கையிலே மினுக்கிய பியூகிள். இவற்றோடு இரண்டாம் வரிசையின் வலப்பக்கக் கடைசியில் நெஞ்சை நிமிர்த்தி நிற்பவன் நான்.

"நன்றாக ஊதுவீர்களாமே!" என்றார் அவர்.

அந்த ஒரு சொல்லே என்னை இக்கட்டுரை எழுத வைத்தது. அறுபது ஆண்டுகளாக நான் கேட்டுச் சிரித்துவிட்டுச் சும்மா இருந்த சொல் அது. இம்முறை சும்மா இருத்தல் தகாது என்று தோன்றியது. ஆதலின், பழைய மாணவர்களே, இன்று படிக்கும் தம்பிமாரே, ஆசிரியப் பெருமக்களே, கேளுங்கள். நான் ஊதியதில்லை. மூன்றாண்டு காலம் கல்லூரிப் பாண்ட் குழுவிற் பியூகிள் ஏந்தி நடந்தேன். அம்மூன்றாண்டிலும் ஒரேயொரு தடவைதான் அதிலிருந்து ஒலி எழுப்பினேன். அந்த ஒலியின் கதைதான் இது.

பாடசாலை மாணவர் படை இலங்கையில் 1881ஆம் ஆண்டு கொழும்பு றோயல் கல்லூரியிலே தோன்றியது. அதன் அடியொற்றி நாடெங்குமுள்ள கல்லூரிகளிலே படைப்பயிற்சியும், அதன் துணையாக முரசும் கொம்பும் கொண்ட வாத்தியக் குழுக்களும் எழுந்தன. நமது கல்லூரியில் நான் கண்ட குழுவில் எட்டுப் பியூகிள், ஆறு சிறு ட்றம், ஒரு பெரிய ட்றம், ஒரு சோடி தாளம் இருந்தன. இவற்றுக்கெல்லாம் முன்னே, வெள்ளிப் பூண் பிடித்த தண்டைச் சுழற்றிக்கொண்டு, தன் நிழலையே தான் வியந்து பார்த்தவனாய் ஒரு மேல்வகுப்பு மாணவன் நடப்பான். அவனைக் கண்டால் அதிபரும் ஒதுங்கி வழிவிடுவார் என்று சிறுவர்களாகிய நாங்கள் நம்பியிருந்தோம்.

1961ஆம் ஆண்டு, எனக்குப் பன்னிரண்டு வயது. குழுவுக்கு ஆள் சேர்க்கும் நாளன்று மரத்தடியில் நாற்பது பேர் வரிசையாக நின்றோம். எங்கள் பாண்ட் மாஸ்டர் படையில் வாசித்து ஓய்வுபெற்றவர். மீசையை மெழுகிட்டு முறுக்கியிருப்பார். மாடு வாங்க வந்தவர் பல்லைப் பார்ப்பதுபோல ஒவ்வொருவனுடைய உதட்டையும் பிடித்துப் பார்த்தார். தடித்த உதடு பெரிய குழலுக்காம். மெல்லிய உதடு பியூகிளுக்காம். என் உதட்டைப் பார்த்தவர், "இவன் பியூகிள்" என்று சொல்லி அடுத்தவனிடம் போய்விட்டார். வாயைத் திறக்கச் சொல்லியிருந்தால் இக்கதையே நிகழ்ந்திராது. அதற்கு முந்திய மாதம் ஒழுங்கையிற் கிட்டி அடித்தபோது பாய்ந்து வந்த புள் என் முன்பல்லிற் பாதியைக் கொண்டுபோயிருந்தது. அவர் உதட்டைப் பார்த்தார். அதற்குப் பின்னாலிருந்த வாயிலைப் பார்க்கவில்லை.

பியூகிள் என்பது பார்வைக்கு எளிய வாத்தியம். நாதசுரத்துக்கு விரல் வைக்க ஏழு துளை உண்டு. பியூகிளுக்கு ஒரு துளையும் இல்லை, அழுத்துவதற்கு ஒரு கட்டையும் இல்லை. வளைத்த பித்தளைக் குழாய், அவ்வளவுதான். உதட்டை இறுக்கியும் தளர்த்தியும் மூச்சைச் செலுத்தினால் ஐந்து ஒலி பிறக்கும்: சட்சம், பஞ்சமம், மேற்சட்சம், அதன்மேற் காந்தாரம், பஞ்சமம். ஏழு சுரங்களில் மூன்றோடு மட்டுமே அதற்கு உறவு. ஒருமுறை கல்லூரி வாணி விழாவுக்கு வாசிக்க வந்த நாதசுர வித்துவான் ஒருவர் எங்கள் பயிற்சியைச் சற்று நேரம் பொறுமையோடு கேட்டிருந்துவிட்டு, "தம்பி, மற்றச் சுரமெல்லாம் எங்கே? வீட்டிலே விட்டுவிட்டு வந்தியளோ?" என்று கேட்டார். அதனாலேதான் பியூகிளில் நாட்டு வாழ்த்தை ஊத இயலாது. இதை அறியாத ஒரு புதிய ஆசிரியர், சுதந்திர தினத்துக்கு அதை ஊதியே ஆகவேண்டுமென்று ஒற்றைக்காலில் நின்றார். மாஸ்டர் மறுத்து வாதாடவில்லை. அவர் காதருகே கொண்டுபோய் உள்ள ஐந்து சுரங்களிலே ஊதிக் காட்டினார். ஆசிரியர் அதன்பின் அப்பேச்சை எடுக்கவேயில்லை.

பெரிய புராணத்திலே ஆனாய நாயனார் குழலிசைத்தபோது மேய்ந்த பசுக்கள் புல்லை மறந்து அவரைச் சூழ்ந்து நின்றன என்று படித்திருக்கின்றோம். நாங்கள் ஊதியபோது நிகழ்ந்தது வேறு. பயிற்சி தொடங்கிய முதற்கிழமையிலேயே மைதானத்துக்கு அயலிற் கட்டியிருந்த பசுவொன்று கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடிற்று. மற்றொன்று பால் கறக்கவிடாது செம்பை உதைத்தது. உரிமையாளர் செம்பும் கையுமாக அதிபரிடம் வந்தார். செம்பிலிருந்த நெளிவே சாட்சி. அன்று முதல் எங்களை மைதானத்தின் மறுகோடிக்கு, பனங்கூடல் ஓரத்துக்கு மாற்றிவிட்டார்கள். அங்கே பசு இல்லை. பனையில் ஏறியிருந்த ஒருவர் மட்டும் நாங்கள் ஊதத் தொடங்கியதும் விறுவிறென்று இறங்கிவந்து, முட்டியை மூடிக்கொண்டு, "இனிப் புளிச்சுப்போம்" என்று சொல்லிப் போனார்.

இவ்வளவுக்கும் மற்ற ஏழு பேரும் இரண்டு மாதத்திலே தேறிவிட்டார்கள். நான் தேறவில்லை. ஊதும்போதெல்லாம் காற்று பாதி கொம்பினுள்ளும் பாதி உடைந்த பல்லின் வழியாகவும் போயிற்று. கொம்பிலிருந்து எருமைக் கன்றின் குரலும், பல்லிலிருந்து சாரைப்பாம்பின் சீறலும் ஒருங்கே எழுந்தன. மாஸ்டர் என்னைத் தனியே அழைத்தார். விலக்கிவிடப் போகின்றார் என்று எண்ணிக் கண் கலங்கினேன். அவர் வரிசையைப் பார்த்தார்; என்னைப் பார்த்தார்; மீண்டும் வரிசையைப் பார்த்தார். நான்கும் நான்கும் எட்டு. ஒருவன் போனால் இரண்டாம் வரிசையின் மூலை உடைந்த என் பல்லைப் போலவே இருக்கும். "கேள். கொம்பை மினுக்கு. நேராகப் பிடி. வாயில் வை. ஆனால் ஊதாதே" என்றார். "எவ்வளவு காலத்துக்கு, சேர்?" என்று கேட்டேன். "நான் சொல்லும்வரைக்கும்" என்றார். அவர் பிறகு சொல்லவேயில்லை.

இவ்வாறு ஊமைக்கொம்பன் ஆனேன். ஊதுவதைவிட ஊதாதிருத்தல் கடினம் என்பதை அநுபவத்திற் கண்டவன் நான். மற்றவர்கள் மூச்செடுக்கும்போது மூச்செடுக்க வேண்டும். அவர்கள் கொம்பை உயர்த்தும்போது உயர்த்த வேண்டும். நீண்ட ஒலியின் முடிவிலே களைத்தவன்போலத் தோளைத் தாழ்த்த வேண்டும். நன்றாக ஊதுபவன் கன்னத்தை உப்பவிடான். நானோ அதை அறியாமல், பார்ப்பவர்கள் ஐயுறாதிருக்கும்படி, கன்னம் இரண்டையும் பூசணிக்காயாக உப்புவித்தேன். ஒரு பரிசளிப்பு விழாவுக்கு வந்த பிரதம விருந்தினர் வரிசையைப் பார்வையிட்டுக்கொண்டு வந்தவர் என்முன் நின்று, "மற்றவர்கள் ஏனோதானோவென்று ஊதுகின்றார்கள். முழுமூச்சோடு ஊதுபவன் இவன் ஒருவன்தான்" என்று முதுகிலே தட்டினார். பின்னால் நின்ற மாஸ்டரின் மீசை துடித்தது. மற்ற ஏழு பேரும் ஒரு கிழமை என்னோடு பேசவில்லை.

ஊதாவிட்டாலும் மினுக்குவதில் என்னை வெல்ல ஒருவரும் இல்லை. பிராசோத் தகரம் ஒன்றுதான் எட்டுப் பேருக்கும். அது முடிந்தால் மாதமுடிவுவரை வேறு கிடையாது. நான் வீட்டிலே பழப்புளியும் அடுப்புச் சாம்பலும் கொண்டு தேய்ப்பேன். எங்கள் அப்பாச்சி ஆசாரம் மிக்கவர். பலர் வாய் வைத்த கொம்பு எச்சில் என்று அதை வீட்டுக்குள் எடுக்க விடமாட்டார். கிணற்றடியில் மஞ்சள் நீராற் கழுவித் திண்ணையில் வைத்தாற்றான் எனக்குச் சோறு. ஆனால், அந்த எச்சிற் கொம்பைப்பற்றி அயலெல்லாம் பெருமை பேசித் திரிந்தவரும் அவரேதான். எங்கள் வீடு கல்லூரியிலிருந்து அரைக்கட்டை தூரம். மாலையிற் பயிற்சி ஒலி காற்றோடு வரும்போது உலக்கையை நிறுத்திவிட்டுச் செவி கொடுப்பாராம். "உந்தா, உதுதான் என்ரை பேரன்ரை ஊதல். மற்றவையின்ரையிலும் பார்க்க இனிமை" என்று பக்கத்து வீட்டு ஆச்சியிடம் சொல்வாராம். எட்டுக் கொம்பின் ஒலியிலே எழுப்பப்படாத கொம்பின் ஒலியைப் பிரித்து அறிந்த செவி அது. இந்தப் பெருமையைக் கேட்கும்போதெல்லாம் முதலிற் சிரிப்பு வந்தது. பின்பு சிரிப்பு வரவில்லை.

என் இரகசியத்தை அறிந்தவர்கள் மாஸ்டரும் மற்ற ஏழு பேரும் மட்டுமல்லர். எனக்கு நேர் பின்னே சிறு ட்றம் அடித்து வந்தவனும் அறிவான். அவனுடைய பெயரை இங்கே எழுதவில்லை. அவன் மக்களிடம் உத்தரவு கேளாமல் எழுதுதல் முறையன்று. கல்லூரியில் அவனுக்கு நாங்கள் இட்ட பெயர் 'தீர்மானம்'. அவன் தவிற் கலைஞர் பரம்பரையிற் பிறந்தவன். யாழ்ப்பாணம் தெட்சணாமூர்த்தி அவர்கள் தவிலுலகை ஆண்டுகொண்டிருந்த காலம் அது. அவர் 1933இற் பிறந்து 1975இல், நாற்பத்திரண்டு வயதும் நிறையுமுன், மறைந்தவர். அவர் வாசிப்பை விடிய விடியக் கோயில் வீதியிற் கேட்டுவிட்டுக் காலையிற் கண் சிவக்க வகுப்புக்கு வருவான் இவன்.

முதல் நாள் மாஸ்டர் அவனிடம் இரண்டு குச்சிகளைக் கொடுத்தார். அவன் ஒன்றைத் திருப்பிக் கொடுத்துவிட்டான். தவிலில் இடக்கையிலேதான் கழி, வலப்பக்கம் விரலுக்குரியது. "மற்றக் கைக்கு விரல் இருக்குது, சேர்" என்றான். மாஸ்டர் முப்பது ஆண்டுப் படை வாழ்க்கையில் அப்படியொரு விடையைக் கேட்டிரார். அவனை இரு குச்சிக்குப் பழக்க ஒரு மாதம் பிடித்தது. பழகிய பின்போ, அவனை நிறுத்துவது பெரும்பாடாயிற்று.

படைநடைக்கு வேண்டியது இடம் வலம் என்னும் இரண்டே. 'தகதிமி, தகதிமி' என்று சதுச்சிரத்திலே போய்க்கொண்டிருந்தால் இடக்கால் விழும் இடத்திலே அழுத்தம் விழும். இது எவ்வளவு நேரத்துக்கு ஒரு தவிற்காரப் பிள்ளைக்குப் போதும்? மைதானத்தை ஒரு சுற்றுச் சுற்றுமட்டும் பொறுப்பான். இரண்டாம் சுற்றிலே 'தகதகிட' என்று ஐந்தெண்ணிக்கையிலே ஒரு கண்டத்தை நுழைப்பான். ஐந்தடி போனதும் அழுத்தம் வலக்காலில் விழும்; அடுத்த ஐந்தில் இடக்காலில் விழும். அதனோடு நின்றாலும் போகட்டும். மும்முறை அடித்துத் தீர்மானம் வேறு வைப்பான். செவியை நம்பி நடந்தவன் கால் மாறுவான். காலை நம்பி நடந்தவன் மாறான். பின்னால் வரும் மாணவர் படை முழுவதும் நண்டுக் கூட்டமாகிவிடும். முன்னே தண்டு சுழற்றுபவன் மட்டும் ஒன்றும் அறியாமல் ஐம்பது யார் தனியே போயிருப்பான். "யாரடா அவன்?" என்று மாஸ்டர் கத்துவார். கேட்கத் தேவையில்லாத கேள்வி அது.

ஆக, ஒலிக்கவே கூடாதவன் ஒருவன், ஒலியாதிருக்கவே முடியாதவன் ஒருவன். எங்களிருவரையும் ஊழ் முன்னும் பின்னுமாக நிறுத்தியிருந்தது. மாரிகாலத்தில் ட்றம்மின் தோல் ஈரம் குடித்துத் தொய்ந்துவிடும். கார்த்திகை மாதத்து மாலைகளில் நாங்களிருவரும் விடுதிச் சமையற்கட்டின் பின்னாலே வைக்கோற்றீ மூட்டித் தோலைக் காய்ச்சுவோம். அவன் நகத்தாலே தட்டிப் பார்த்து, "இன்னும் கொஞ்சம்" என்பான். அப்போதெல்லாம் என்னிடம் கொம்பைத் தந்து ஊதச் சொல்வான். நான் மறுப்பேன். "ஒருநாளைக்கு நீ ஊதத்தான் போறாய், அப்ப நான் அதுக்கு ஏற்ற அடி அடிப்பன்" என்பான்.

அந்த நாளும் வந்தது. 1964ஆம் ஆண்டு மாசி மாதம், இல்ல மெய்வல்லுநர் போட்டியின் இறுதிநாள். அப்பாச்சி அதுவரை மைதானத்துக்கு வந்ததில்லை. அந்த ஆண்டு அவருடைய உடல் தளர்ந்திருந்தது. "ஒருக்கா உன்ரை ஊதலைக் கிட்ட இருந்து கேக்கவேணும்" என்றார். மாமா அவரை வண்டியிற் கொண்டுவந்து பெண்கள் பக்கத்திலே, முன்வரிசைக் கதிரையில் இருத்தினார். வெள்ளைச் சேலையும் திருநீறுமாக அவர் எங்கள் வரிசையையே பார்த்துக்கொண்டிருந்தது எனக்குத் தெரிந்தது.

போட்டிகள் முடிந்தன. பொழுது சாய்ந்தது. கொடியிறக்கும் நேரம். மைதானத்தில் ஈ பறந்தாலும் கேட்கும் அமைதி. பிரதம விருந்தினரும் அதிபரும் கொடிமரத்தடியிலே அசையாது நின்றனர். சாரணச் சிறுவன் ஒருவன் கயிற்றைப் பிடித்து மெல்ல மெல்லத் தளர்த்த, எட்டுக் கொம்பும் எழுந்தன. ஏழு கொம்பு ஊதின.

மூன்றாண்டாக என் அப்பாச்சி என்னுடையதல்லாத ஒலியை என்னுடையதென்று போற்றி வந்தார். இன்றேனும் ஒரு சுரம், ஒரேயொரு சுரம் உண்மையாக இருக்கட்டுமே என்று எண்ணினேன். கடைசியில் வரும் நீண்ட சட்சத்திலே என் மூச்சையும் கலந்துவிட்டால் யாருக்குத் தெரியப் போகின்றது? மூச்சை நிரப்பினேன். உதட்டை இறுக்கினேன். ஒலி வரவில்லை. இன்னும் இறுக்கினேன். மாஸ்டரின் கை விழுந்தது. ஏழு கொம்பும் ஒருசேர நின்றன. அக்கணத்திலேதான் என் கொம்பு வாய் திறந்தது.

அந்த ஒலியை எழுத்திலே தர இயலாது. எருமைக்கன்று ஒன்று கிணற்றில் விழுந்துகொண்டே நரியைக் கூப்பிட்டாற்போல இருந்தது என்று பின்னர் ஒரு நண்பன் சொன்னான். கும்பகர்ணனை எழுப்ப அரக்கர் பட்ட பாடு தேவையே இல்லை. அது ஒன்றே போதும். சாரணச் சிறுவன் திடுக்கிட்டுக் கயிற்றை விட்டான். பாதியிலே நின்ற கல்லூரிக் கொடி சர்ரென்று இறங்கிப் பிரதம விருந்தினரின் தோள் இரண்டையும் மூடிப் படிந்தது. அவர் நல்ல மனிதர். பொன்னாடை போர்த்துகின்றார்கள் என்று எண்ணிக் கைகூப்பினார். ஒரு கணம் அமைதி. பின்பு மைதானம் முழுவதும் சிரித்த சிரிப்பிருக்கின்றதே, அது அயலூர்க் கோயில்வரை கேட்டதாம்.

வீட்டுக்குப் போனேன். அப்பாச்சி வாசலிலே காத்திருந்தார். "எல்லாரும் வடிவா ஊதினவை. உன்ரை ஊதல் தனியாக் கேட்டது, ராசா" என்றார். பின்பு முகத்தைச் சுளித்துக்கொண்டு, "கடைசியா ஆரோ ஒரு மூதேவி எல்லாத்தையும் கெடுத்துப் போட்டுது" என்றார். என் வாழ்நாளில் அவர் செவிக்கு நான் உண்மையாகக் கொடுத்த சுரம் அது ஒன்றுதான்.

மறுநாட் காலை விசாரணை. மாஸ்டர் மட்டுமன்றி ஒழுங்குக்குப் பொறுப்பான ஆசிரியரும் பிரம்போடு வந்திருந்தார். "ஊதியது யார்?" மற்ற ஏழு பேரும் தாமல்லவென்றனர். கண்கள் என்மேல் திரும்பின. நான் வாயைத் திறந்தேன். வார்த்தை வரவில்லை. அப்போது பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. "அவனிலை பிழையில்லை, சேர். நான்தான் விளையாட்டுக்குக் குச்சியாலை முதுகிலை குத்தினனான். அவன் திடுக்கிட்டு ஊதிப்போட்டான்."

அவன் குத்தவில்லை. என் முதுகுக்கும் அவன் குச்சிக்கும் இடையே இரண்டு முழ தூரம் இருந்தது. 'இல்லை, சேர்' என்ற இரண்டு சொற்கள் போதும். மூன்றாண்டாக எனக்குக் கற்பிக்கப்பட்டது வாய் திறவாதிருத்தல். அந்த வித்தையை அன்றுதான் ஒரு குறையுமின்றிச் செய்து காட்டினேன். அவனுக்கு உள்ளங்கையில் ஆறு அடி. தாளக்காரன் கை அது. அடிக்கடி கண்டம் போட்ட பழைய குற்றங்களும் சேர்ந்து, குழுவிலிருந்தும் நீக்கினார்கள்.

மாலையிற் பனங்கூடல் ஓரத்தில் அவனைக் கண்டேன். கையை வேப்பெண்ணெயிட்டுத் துணியாற் சுற்றியிருந்தான். "ஏன்ரா அப்பிடிச் சொன்னனீ?" என்று கேட்டேன். "எனக்கு வீட்டிலை தவில் இருக்குது. உனக்கு உது ஒண்டுதானே இருக்குது, அதுவும் ஊதாது" என்றான். சொல்லிவிட்டுச் சிரித்தான். நானும் சிரித்தேன். நாளைக்கு உண்மையைச் சொல்லிவிடுவேன் என்று நினைத்தேன். அடுத்த கிழமை குழுவைப் படம் பிடித்தார்கள். செயலாளர் கொண்டுவந்த படம் அதுதான். அதில் ட்றம் அடிப்போர் ஐந்து பேரே நிற்கின்றனர். எனக்கு நேர் பின்னே ஓர் ஆள் நிற்கும் இடம் வெறுமையாயிருக்கின்றது. வரிசை கெடக்கூடாதென்று ஊதாத என்னை வைத்திருந்தவர்கள், அடிக்கத் தெரிந்தவனின் இடத்தை வெறுமையாக விட்டுப் படம் எடுத்தார்கள். அந்த ஆண்டு முடிவிலே அவன் கல்லூரியை விட்டுத் தந்தையாரோடு தொழிலுக்குப் போனான். அப்பாச்சி மறு ஆண்டு காலமானார். மாஸ்டரும் சில ஆண்டுகளில் மறைந்தார். நாளை என்ற நாள் ஒவ்வொருவராகக் கைவிட்டுப் போயிற்று.

1976ஆம் ஆண்டு என் திருமணத்துக்கு மேளம் பேசப் போனபோது, அவனைத் தவிர வேறொருவரை நினைக்கவில்லை. மாப்பிள்ளை அழைப்பு ஊர்வலம் தெருமுனையைத் தாண்டியதும், நாதசுரம் மூச்சு வாங்க நிறுத்திய இடத்தில், தவிலில் 'இடம், வலம்' என்று படைநடை எழுந்தது. பட்டு வேட்டியும் தலைப்பாகையுமாக இருந்த என் கால்கள் என்னையறியாமலே நடை போட்டன. அடுத்து ஒரு 'தகதகிட'. நான் கால் தடுக்கித் தோழன்மேல் விழுந்தேன். பெண் வீட்டார் மாப்பிள்ளைக்கு மயக்கமென்று சோடாவுக்கு ஆள் விட்டனர். அவன் முகத்தில் ஒரு மாற்றமுமில்லை. கூறையும் தாலியும் ஆனபின்னர் அவனைத் தனியே அழைத்து, அன்றைய சங்கதியைத் தொடங்கினேன். "பந்தி ஆறுது, போ" என்று சொல்லிவிட்டான்.

மீண்டும் நாங்கள் ஒன்றாக நடந்தது 1995ஆம் ஆண்டு ஐப்பசி மாத இறுதியிலே. வலிகாமம் முழுவதும் ஓர் இரவிலே தென்மராட்சி நோக்கிப் பெயர்ந்ததை அறியாதார் இல்லை. மழை. நாவற்குழிப் பாலத்துக்கு அண்மையில் அடிமேல் அடிவைத்துச் சனம் நகர்ந்துகொண்டிருந்தது. பக்கத்திலே சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தவனை நெடுநேரத்தின் பின்னரே அறிந்தேன். பின்காரியரில் தவில். தன் தலையிற் போட வேண்டிய இறப்பர்ச் சீலையை அதற்குச் சுற்றியிருந்தான். "தோல் நனைஞ்சால் பிறகு காய்ச்ச வைக்கோலுக்கு எங்கை போறது?" என்றான். என் பேத்திமுறையான சிறுமி ஒருத்தி நடக்கமாட்டேனென்று அழுதாள். அவன் இறப்பர்ச் சீலையின் மேலாக விரலாலே மெல்லத் தட்டத் தொடங்கினான். இடம், வலம், இடம், வலம். சிறுமி அழுகையை நிறுத்திக் கால் வைத்தாள். அவளோடு வேறு பிள்ளைகளும் நடந்தார்கள். கைதடிவரை தட்டிக்கொண்டே வந்தான். அவ்வளவு தூரத்தில் ஒரு கண்டமும் போடவில்லை.

அங்கே பிரியும்போது, முப்பத்தொரு ஆண்டாக நெஞ்சிலே கிடந்ததைச் சொன்னேன். "அண்டைக்கு நான் சொல்லியிருக்க வேணும்" என்றேன். அவன் மழையைத் துடைத்துக்கொண்டு, "உனக்குத்தான் ஊத வராதே" என்றான். பின், "வரேக்கை ஊது" என்று சொல்லிப் போய்விட்டான். போர்நிறுத்தம் நிலவிய 2003ஆம் ஆண்டிலே அவன் நோயுற்று மறைந்தான். இறுதிக் கிரியைக்குப் போனேன். அவனுடைய மாணாக்கர் பலர் வந்திருந்தனர். என் கையில் ஒரு கொம்பும் இருக்கவில்லை. இருந்திருந்தாலும் ஊதத் தெரியாது.

இப்போதுதான் வந்திருக்கின்றது, ஆதலால் ஊதுகின்றேன். யாழ்பாடிக்குப் பரிசிலாகக் கிடைத்த நாடு என்று கதை சொல்லப்படும் மண்ணிலே பிறந்து, நான் செய்த இசைத்தொண்டு இவ்வளவே. 1964ஆம் ஆண்டு மாசி மாதம் கொடியிறக்கும் வேளையில் ஊதியவன் நான். என்னை எவரும் குத்தவில்லை. அதன்பொருட்டு அடி வாங்கியவன் குற்றமற்றவன். எங்கள் குழுவிலே உண்மையான இசையறிவு படைத்திருந்தவனும் அவன் ஒருவனே. தண்டனைக் குறிப்பேடு இடப்பெயர்வுகளுக்குத் தப்பி எங்கேனும் இருக்குமாயின், அதிபர் அவர்கள் அப்பக்கத்தைத் திருத்தி எழுதுவார்களாக.

இன்று கல்லூரிக் குழுவிலே மாணவர்கள் வாசிப்பதைக் கேட்கின்றேன். எங்களைவிடப் பன்மடங்கு நன்றாக வாசிக்கின்றார்கள். அயலிலே பசுக்கள் அமைதியாக மேய்கின்றன. தம்பிமாரே, உங்கள் வரிசையின் மூலையில் ஊதாத ஒருவன் நின்றால் அவனை விலக்கிவிடாதீர்கள். கண்டம் போடுபவனையும் விலக்கிவிடாதீர்கள். இம்மலரிலே அந்தப் பழைய படம் அச்சாகுமென்று செயலாளர் சொன்னார். அதைப் பார்ப்பவர்கள் இரண்டாம் வரிசையின் கடைசியில் நிற்பவனைப் பாராட்ட வேண்டாம். அவனுக்குப் பின்னால் உள்ள வெறுமையைச் சற்று நேரம் பாருங்கள். அங்கே ஒருவன் நிற்கின்றான். வலக்கையிலே குச்சி இல்லை, விரல் மட்டும் இருக்கின்றது.

கல்லூரி அன்னை நீடு வாழ்க.